அது வேற தண்ணி!

பி.காம். படிக்கிறவனுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சம்பந்தமும் இல்லை. பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் ஒரு கேள்வி சில வருஷமாக மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

2021 மே மாதம். கொரோனா இரண்டாவது அலை. பெரியப்பா பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். நான் அப்போது பள்ளிக்கூடம். ஒருநாள் ராத்திரி டாக்டர் வெளியே வந்து, "லங்ஸ் பூரா தண்ணி கோத்திருக்கு" என்றார். பெரியம்மா உடனே கேட்டார்: "தண்ணிதானே டாக்டர், ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துடக் கூடாதா?" நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் ஒருத்தருக்கு டி.பி. வந்தபோது அப்படித்தான் முதுகில் ஊசி போட்டு ஒரு பாட்டில் நிறைய எடுத்தார்கள். டாக்டர், "அது வேற தண்ணிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம், அவர் அன்றைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாரோ. பெரியப்பா திரும்பி வரவில்லை.

அந்த "வேற தண்ணி" என்ன என்று தேடியபோது, அதற்குப் பின்னால் நான்கு யுத்தங்களும், நிறைய செம்மறி ஆடுகளும், ஒரு பெரிய ஏமாற்றமும் இருப்பது தெரிந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். (மருத்துவம் படிக்கும் நண்பர்கள் பிழை கண்டால் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

முதலில் அந்த டி.பி.காரர் விஷயம். அவருக்குத் தண்ணீர் சேர்ந்தது நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியிருக்கும் உறைக்குள். அது ஒரே பை. ஊசி போட்டால் வந்துவிடும். பெரியப்பாவுக்குச் சேர்ந்தது உள்ளே, காற்றுப் பைகளில். அவை ஒரு மனிதனுக்கு 30 முதல் 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட்! முப்பது கோடி பைகளில் ஊசி போட யாரால் முடியும்? அங்கே சேரும் தண்ணீரை உடம்புதான் வெளியேற்ற வேண்டும். உடம்பு எப்படி வெளியேற்றுகிறது என்பதே 1980-கள் வரை சரியாகத் தெரியாது என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம்.

எங்கள் பாடத்தில் ஒரு எளிய சமன்பாடு உண்டு. ஆரம்பச் சரக்கு, கூட்டல் கொள்முதல், கழித்தல் விற்பனை, மிச்சம் இறுதிச் சரக்கு. கோடவுனில் சரக்கு குவிந்தால் இரண்டு காரணம்தான். வரவு அதிகம், அல்லது போக்கு குறைவு. மருத்துவ உலகம் கிட்டத்தட்ட நூறு வருஷம் வரவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வரவுக் கணக்கை எழுதியவர் லண்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்டார்லிங், 1896-ல். ரத்தத் தந்துகிகளில் இரண்டு சக்திகள் இழுபறி நடத்துகின்றன. ரத்த அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் இருக்கும் புரதம் தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தில் தண்ணீர் நிற்குமே, அதே இழுப்புதான். இதயம் பலவீனமாகி அழுத்தம் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பது இதிலிருந்து புரிந்துவிட்டது. சரியான கணக்கு, இன்றும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் இதயம் நன்றாக இருக்கும் ஆளுக்கும் நுரையீரல் நிரம்புவது ஏன்?

இங்கேதான் யுத்தங்கள் வருகின்றன. 'ஷாக்' என்றால் நாம் கரண்ட் ஷாக்கையோ, ரிசல்ட் பார்த்த ஷாக்கையோ நினைப்போம் :-) மருத்துவத்தில் அதற்கு வேறு அர்த்தம். ரத்த இழப்பாலோ கடும் கிருமித்தொற்றாலோ உடம்பு முழுக்க ரத்த ஓட்டம் சரிந்து, உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாமல் போகும் நிலை. முதல் உலகப் போரில் காயம் சின்னதாக இருந்தும் வெளிறிப்போய் செத்த சிப்பாய்களைப் பார்த்துத்தான் இதைத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்கள். 1917-ல் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸ் போர்முனைக்கு வந்து இதற்காகவே வேலை செய்த வால்டர் கேனன் அதில் முக்கியமானவர். இரண்டாம் உலகப் போருக்குள் ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். ஷாக்கிலிருந்து பிழைத்தவர்களில் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கொரியப் போரில் டயாலிசிஸ் இயந்திரத்தையே போர்முனைக்கு அருகே கொண்டுபோனார்கள். ஒரு கதவை அடைத்தால் மரணம் அடுத்த கதவைத் தட்டியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நடுவே 1945-ல் பர்ஃபோர்ட், பர்பாங்க் என்ற இரண்டு அமெரிக்க ராணுவ டாக்டர்கள் 'ஈர நுரையீரல்' என்று ஒன்றை விவரித்தார்கள். காயம்பட்ட சிப்பாயின் நுரையீரல், நனைத்த பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

வியட்நாமில்தான் அது தலையெடுத்தது. ஹெலிகாப்டர் வந்துவிட்டது. அடிபட்டவனை வெகு சீக்கிரம் மேஜையில் படுக்கவைத்து, லிட்டர் லிட்டராக ரத்தமும் உப்புநீரும் ஏற்றினார்கள். முந்தைய யுத்தங்களில் களத்திலேயே செத்திருக்கக்கூடியவன் பிழைத்தான். சிறுநீரகம்கூடத் தப்பித்தது. ஓரிரு நாள் கழித்து மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மார்பில் அடியே படாதவனுக்கும் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிடும். எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாது. அமெரிக்கக் கடற்படை மருத்துவமனை இருந்த ஊரின் பெயரால் இதை 'டா நாங் நுரையீரல்' என்றே கூப்பிட்டார்கள். ஏற்றிய உப்புநீர்தான் குற்றவாளி என்று ஒரு கட்சி, ஷாக்தான் குற்றவாளி என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பேசியது வரவைப் பற்றித்தான் என்பதைக் கவனியுங்கள்.

இதே சமயம் யுத்தமே இல்லாத டென்வர் நகரில் ஆஷ்பா என்ற அறுவை நிபுணரும் பெட்டி என்ற நுரையீரல் நிபுணரும் சக டாக்டர்களோடு சேர்ந்து, சுவாசக் கருவி தேவைப்பட்ட 272 நோயாளிகளைப் பார்த்தார்கள். அதில் 12 பேர் மட்டும் வித்தியாசமாக இருந்தார்கள். ஒருத்தர் விபத்து, ஒருத்தர் வைரஸ் நிமோனியா, ஒருத்தர் கணைய அழற்சி. காரணம் வேறு வேறு, முடிவு ஒன்று. நுரையீரல் விறைத்து, ஈரமாகி, ஆக்சிஜனை வாங்க மறுத்தது. 12 பேரில் 7 பேர் இறந்தார்கள். அமெரிக்க இதழ்கள் சில அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, 1967 ஆகஸ்டில் இங்கிலாந்தின் 'லான்செட்' வெளியிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் மூச்சுத் திணறல் நோயோடு இதை ஒப்பிட்டார்கள். (1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் கைக்குழந்தை 39 மணி நேரத்தில் இறந்தது அந்த நோயால்தான்.) அதனால்தான் பிறகு 'பெரியவர்களுக்கான' மூச்சுத்திணறல் நோய்த்தொகுதி என்று பெயர் வந்தது. ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்களே, அது இதுதான். குழந்தைகளுக்கும் வரும் என்பதால் 1994-ல் அந்த முதல் எழுத்துக்கு 'பெரியவர்' என்ற அர்த்தத்தை எடுத்துவிட்டு 'தீவிர' என்று மாற்றினார்கள். எழுத்து அதே 'ஏ'தான். பெயர்ப்பலகைச் செலவு மிச்சம்.

அந்த 12 பேர் கட்டுரையில் இரண்டு விஷயம் இருந்தது. மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைத்தால் பலன் இருக்கிறது என்பது ஒன்று. ஸ்டீராய்டு சிலருக்கு உதவலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வரும்.

இனி போக்குக் கணக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது. முழுக்க நீர்தான். பிறந்தவுடன் அது காற்றுக்கு வழிவிட வேண்டும். லண்டனில் ஸ்ட்ராங் என்பவரின் குழு, ஆட்டின் வயிற்றில் இருக்கும் குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்தது. பிரசவ நேரத்தில் குட்டியின் உடம்பில் அட்ரினலின் எகிறுகிறது. அது பட்டதும், அதுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல் நீரை உறிஞ்ச ஆரம்பிக்கிறது என்று 1983-ல் சொன்னார்கள். சோடியம் போகும் வழியை அடைக்கும் அமிலோரைடு என்ற மருந்தைக் கொடுத்தால் அந்த உறிஞ்சல் நின்றுவிடும்.

பெரிய ஆட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் மத்தாய் என்பவரும் கூட்டாளிகளும், மயக்கம் கொடுத்த செம்மறி ஆட்டின் நுரையீரலுக்குள் அதன் ரத்தத்திலிருந்தே எடுத்த சீரத்தை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஸ்டார்லிங் கணக்கை அப்படியே வைத்துப் பார்த்தால் என்ன ஆக வேண்டும்? தண்ணீர் வெளியேறினால் மிச்சம் இருப்பதில் புரதம் கெட்டியாகும். கெட்டியான புரதம் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். ஆக, கொஞ்ச நேரத்தில் வெளியேற்றம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை! புரதம் ரத்தத்தில் இருப்பதைவிடக் கெட்டியான பிறகும் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. 1982-ல் வெளியான முடிவு இது. மேட்டை நோக்கித் தண்ணீர் தானாக ஏறாது. எங்கேயோ மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம்.

மோட்டார் இருப்பது காற்றுப் பையின் சுவர்ச் செல்களில். செல்லின் மேல்பக்கம் சோடியம் நுழைய ஒரு வாசல். அடிப்பக்கம் ஒரு பம்ப். அது மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். சோடியம் போகும் இடத்துக்கெல்லாம் தண்ணீர் பின்னாலேயே போகும். (மறுபடி மாங்காய்.) இந்த பம்ப் சும்மா ஓடாது, செல்லின் எரிசக்தியைச் செலவழித்துத்தான் ஓடும். 1996-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அந்த வாசலின் ஒரு முக்கியப் பாகம் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். பிறந்த குட்டிகள் நுரையீரல் நீரை வெளியேற்ற முடியாமல் 40 மணி நேரத்துக்குள் செத்துப்போயின. வாசல் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மனிதர்களிடம் இதை எப்படி அளப்பது? மத்தாய் குழு செய்தது ரொம்ப எளிமையான தந்திரம். தொண்டைக் குழாய் வழியாக நுரையீரல் நீரில் கொஞ்சம் உறிஞ்சி, அதில் எவ்வளவு புரதம் என்று பார்ப்பார்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. குழம்பு சுண்டினால் கெட்டியாவது மாதிரி, புரதம் கெட்டியாகியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அப்படியே இருந்தால் மோட்டார் ஓடவில்லை. 2001-ல் லொரெய்ன் வேரும் மத்தாயும் 79 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். 56 சதவீதம் பேருக்கு வெளியேற்றம் மணிக்கு 3 சதவீதத்துக்கும் கீழே. அதாவது கிட்டத்தட்ட நின்றேவிட்டது. முழு வேகத்தில் வெளியேற்றியவர்கள் வெறும் 13 சதவீதம். அவர்களிடையே இறப்பு குறைவு, வென்டிலேட்டரில் இருந்த நாட்களும் குறைவு.

இதைப் படித்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா அந்த 56-ல் ஒருவராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் அளந்து பார்க்கவில்லை, அளந்தும் பயனில்லை.

சரி, மோட்டார் ஏன் நிற்கிறது? இங்கேதான் அழற்சியும் ஷாக்கும் கைகோக்கின்றன.

விசித்திரம் என்னவென்றால் ஷாக்கின் ஆரம்பத்தில் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. ழான்-ஃபிரான்சுவா பிட்டே என்ற ஆய்வாளரும் மத்தாய் குழுவும் 1994-ல் எலிகளில் காட்டினார்கள். கிருமியால் வரும் ஷாக்கில் உடம்பு சுரக்கும் அட்ரினலினே நுரையீரல் பம்பை வேகப்படுத்துகிறது. பிறக்கும்போது நடந்த அதே வேலை. ஆனால் 1999-ல் ரத்த இழப்பு ஷாக்கை வைத்துச் செய்த ஆய்வில் மறுபக்கம் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அட்ரினலின் இருக்கிறது, பம்ப் அதைக் கேட்பதில்லை. வண்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறோம், கேபிள் அறுந்திருக்கிறது, அந்த மாதிரி. அறுப்பது யார்? நம்முடைய வெள்ளணுக்கள்தான். ஷாக்கில் ரத்த ஓட்டம் சரிந்து திரும்பும்போது அழற்சி கிளம்புகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலில் வந்து குவிந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆக்சிஜன் ரசாயனங்களை அங்கே கொட்டுகின்றன. அவை செல் அட்ரினலினுக்குப் பதில் சொல்லும் வழியையே கெடுத்துவிடுகின்றன.

அழற்சி அனுப்பும் தூதுப் பொருட்களும் சும்மா இருப்பதில்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.ஜி.எஃப். பீட்டா என்ற இரண்டும் சோடியம் வாசல்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன என்று 2000-க்குப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. நீர் சேர்ந்ததால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் செல் தன் பம்புகளையே மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்து ஒளித்துவைத்துக்கொள்ளும். பம்ப் குறைந்தால் நீர் இன்னும் சேரும். கடன் வட்டி குட்டி போடுவதைப் படித்திருக்கிறோமே, அதே கதை. இதே அழற்சிதான் தந்துகிச் சுவரையும் ஓட்டையாக்கி, புரதம் நிறைந்த நீரை உள்ளே விடுகிறது. வரவுக் கதவைத் திறந்துவிட்டு, போக்குக் கதவைப் பூட்டி, வாட்ச்மேனையும் அடித்துப் போட்டாயிற்று.

இவ்வளவு தெரிந்த பிறகு மருந்து ரெடி என்றுதானே தோன்றும்? அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அட்ரினலின் மாதிரியே பம்பை முடுக்கும் சல்பியூட்டமால் இருக்கவே இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் இன்ஹேலர் மருந்து, விலையும் மலிவு. 2006-ல் இங்கிலாந்தில் 40 பேரிடம் ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஏழாம் நாள் நுரையீரல் நீர் குறைந்திருந்தது. எல்லோருக்கும் உற்சாகம். அமெரிக்காவில் 282 பேருக்கு மூச்சு வழியாகக் கொடுத்த சோதனை, பலன் தெரியவில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டு 2011-ல் வெளியானது. 2012-ல் இங்கிலாந்தின் பெரிய சோதனை. மருந்து வாங்கியவர்களில் 28 நாளில் 34 சதவீதம் பேர் இறந்தார்கள். வாங்காதவர்களில் 23 சதவீதம். மருந்து கொடுத்ததால் கூடுதல் சாவு! அதையும் பாதியில் நிறுத்தினார்கள்.

ஏன் இப்படி? இதயத் துடிப்பு தாறுமாறாவது, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவது போன்ற பக்கவிளைவுகள் ஒரு பக்கம். இன்னொரு விளக்கம் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. சுவர்ச் செல்களே செத்து உரிந்துபோன இடத்தில் எந்த மோட்டாரை முடுக்குவது? தொழிற்சாலையே எரிந்துவிட்ட பிறகு தொழிலாளிக்கு போனஸ் அறிவித்த மாதிரி. முப்பது வருஷ ஆராய்ச்சி, ஒவ்வொரு படியும் சரி, கடைசிப் படியில் நோயாளி செத்துப்போகிறார். அதை மறைக்காமல் வெளியிட்டார்களே, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

பலன் கொடுத்தவை எல்லாம் ஆரவாரம் இல்லாத விஷயங்கள். வென்டிலேட்டர் தள்ளும் காற்றின் அளவைப் பாதியாக்கினார்கள், உடல் எடை கிலோவுக்கு 12 மில்லி என்பதை 6 மில்லி என்று. (எடை என்றால் உயரத்துக்கு ஏற்ற எடை, தொப்பையைச் சேர்க்காமல்.) 861 பேரிடம் செய்த அந்தச் சோதனை 2000-ல் வெளியானது. இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமானது. அதுவரை காப்பாற்றும் கருவியே நுரையீரலை ஊதி ஊதிக் காயப்படுத்திக்கொண்டிருந்தது என்று பொருள். 2006-ல் ஆயிரம் பேரிடம், ஷாக் தணிந்த பிறகு நரம்பில் ஏற்றும் நீரைச் சிக்கனமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சுமார் இரண்டரை நாள் கூடுதலாக வென்டிலேட்டர் இல்லாமல் இருக்க முடிந்தது. டா நாங்கில் சண்டை போட்ட இரண்டு கட்சிகளுக்கும் பாதிப் பாதி தீர்ப்பு! ஷாக்கில் இருப்பவனுக்கு நீர் வேண்டும், தேறியவனுக்கு அதுவே பாரம். 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்களின் தலைமையில் 466 பேரிடம் செய்த சோதனையில், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை தினமும் நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. செலவு என்று பார்த்தால் புரட்டிப் போட நாலு பேர்.

அப்புறம் அந்த ஸ்டீராய்டு. 1967-ல் 12 பேரை வைத்துச் சொன்ன வரி, பல வருஷம் இழுபறியிலேயே கிடந்தது. 2020-ல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான கொரோனா நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமானது. பம்பை முடுக்கவில்லை, அழற்சியை அடக்கினார்கள். பெரியப்பாவுக்கும் அது கொடுக்கப்பட்டது, மருந்துச் சீட்டுகளில் பெயர் இருக்கிறது. ஆனாலும் அந்த 29-க்குள் விழுகிறவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். மாங்காய், கோடவுன், மோட்டார் என்று எனக்குத் தெரிந்த உதாரணங்களோடு. பொறுமையாகக் கேட்டார். கடைசி மூன்று நாள் பெரியப்பாவைக் குப்புறப் போட்டு வைத்திருந்ததை வராண்டாக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். மனுஷனை இப்படியா போட்டு வைப்பார்கள் என்று இத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது கஷ்டப்படுத்த இல்லை, காற்று போகாத பகுதிக்குக் காற்று போகத்தான் என்றேன்.

"அப்ப தெரிஞ்சுதான் போட்டாங்களா?" என்றார்.

"ஆமா பெரியம்மா, தெரிஞ்சுதான்."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பில் இருந்த பாலை இறக்கப் போனார்.